இஸ்திரி அக்காவின் பக்கத்து சீட்

செத்த வீட்டில் யார் அதிகமாக அழுதார்கள் என்று அளந்து பார்ப்பது பாவம். டோக்கனுக்கும் அது தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

சலவைக்கடைக்குப் பின்பக்கம் இருந்த சின்ன வீடு. கூடத்தில் இஸ்திரி அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். அவள் காலடியில் உட்கார்ந்து மருந்துக்கடைக்காரி விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். அக்காவின் கணவர் குனிந்து, அவள் தலையைத் தடவி, "அழாதம்மா, அழாத" என்று தேற்றினார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷர், அந்த நிலையிலும் அவளைத் தேற்றினார்.

பன்னிரண்டு வருஷம் அக்காவின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் டோக்கன். அந்த மருந்துக்கடைக்காரி உட்கார்ந்தது ஒரே ஒரு சீசன். ஆனால் தேறுதல் அவளுக்கு. டோக்கனுக்கு வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அழுகையில்கூட அவள் முந்திக்கொண்டாளே என்று டோக்கனின் அடிவயிறு எரிந்தது. துக்கம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் பாதிதான் துக்கம்.

டோக்கன் என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை எண் சொல்லிக் கூப்பிடுவது அவள் வேலை. அதற்கென்று ஒரு மெஷினும் வாங்கி வைத்துப் பார்த்தார்கள். மெஷின் கூப்பிட்டால் ஒருவரும் எழுந்து வரவில்லை. டோக்கன் மைக்கைத் தட்டி ஒரு தடவை கூப்பிட்டால், கண்ணில் கட்டுப் போட்டவர்கூட நேராக வந்து கதவுக்கு முன்னால் நிற்பார். அப்படி ஒரு குரல். அதட்டாது, குழையாது, ஆனால் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் குரலைப் பிடித்தவள்தான் இஸ்திரி அக்கா. தன் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக வந்து, வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு, டோக்கன் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, நேராக அவள் முன்னால் வந்து நின்றாள். கட்டையான உடம்பு. இரண்டு முழங்கைகளிலும் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்புகள்.

"உனக்கு வாந்தி வருமா?"

டோக்கன் விழித்தாள். "எதுக்கு?"

"கார்ல போனா. தலையைக் குனிஞ்சு படிச்சுக்கிட்டே போனா."

"தெரியலையே. படிச்சுக்கிட்டே போனதில்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமை வா, பார்த்துடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை பார்த்தார்கள். வந்தது. காட்டு ரோட்டில் எட்டாவது வளைவு தாண்டுவதற்குள் வந்தது. அக்கா காரை நிறுத்தினாள். முகம் துடைக்கத் துண்டு கொடுத்தாள். டோக்கன் அவமானத்தில் செத்துப் பிழைத்து, "வேற ஆளப் பாருங்கக்கா" என்று முனகினாள்.

"வாந்தி எடுக்கும்போதுகூட விட்ட வரியிலேருந்து விரலை எடுக்கல பாரு நீ. வேற ஆளாம், வேற ஆள்! ஏறுடி."

அன்றைக்கு ஏறியவள்தான்.

இஸ்திரி அக்கா ஒன்றும் பந்தயக்காரப் பரம்பரை இல்லை. புருஷனும் அவளுமாகச் சலவைக்கடை நடத்தினார்கள். ஓட்டல்களின் மேஜை விரிப்புகளை வெளுத்து, வேனில் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு நாள் கல்யாண மண்டபத்துக்கு நேரமாகிவிட்டது என்று மலைச்சாலையில் வேனை ஓட்டிக்கொண்டு போனவளை, பின்னாலேயே தன் புதுக் காரில் வந்த பல் டாக்டர் ஒருவர் பார்த்தார். கார் ராலி கிளப்பின் செயலாளர் அவர். எவ்வளவு மிதித்தும் வேனைப் பிடிக்க முடியவில்லை. மண்டபத்து வாசலில் இறங்கி, வேர்த்து விறுவிறுத்து, "யாரும்மா நீங்க?" என்று கேட்டார்.

"சலவைக்கடை. ஏன், உங்க கோட்டைக் குடுக்கணுமா?"

கிளப்பில் சேர்ந்த பிறகு அந்த டாக்டர்தான் பெயர் வைத்தார். "வளைவையெல்லாம் இஸ்திரி போட்டு நேராக்கிட்டுப் போறாங்கய்யா இந்த அம்மா!" அன்றிலிருந்து கிளப்பில் எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. அவள் கணவர் எல்லோருக்கும் மாமா. மாமா காரில் ஏறினால் தெருமுனை தாண்டுவதற்குள் தலை சுற்றும். ஆகவே ஓட்டம் நடக்கும் இடத்துக்கு மனுஷர் பஸ்ஸில் வந்து, ஒரு மரத்தடியில் பேப்பரை விரித்து உட்கார்ந்து, எல்லாம் முடியும்வரை நிமிர்ந்தே பார்க்க மாட்டார்.

ராலி என்றால் பலருக்குத் தெரியாது. மூடிய காட்டு ரோட்டில் ஒவ்வொரு காராக விடுவார்கள். அந்த வேகத்தில் ஓட்டுகிறவளுக்கு அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவள் படித்துச் சொல்ல வேண்டும். முந்தின நாளே அதே ரோட்டில் மெதுவாகப் போய்ப் பார்த்துவிடலாம். அப்போது ஓட்டுகிறவள் ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எண் சொல்வாள். ஒன்று என்றால் கிட்டத்தட்ட நின்று திரும்ப வேண்டும். ஆறு என்றால் மிதித்துக்கொண்டே போகலாம். பக்கத்தில் இருப்பவள் அதை எழுதிக்கொண்டு, மறுநாள் வேகத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். "வலது நாலு, மேடு, இடது அஞ்சு." அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதான் தப்பினால், இரண்டு உயிர்.

அக்கா கற்றுக்கொடுத்த விதமே தனி. கடையில் மேஜை விரிப்பை நீவிக்கொண்டே பழைய குறிப்பைப் படிக்கச் சொல்வாள். டோக்கன் படிக்கப் படிக்க, அக்காவின் இஸ்திரிப் பெட்டி வலதும் இடதுமாகத் திரும்பும். டோக்கன் அவசரப்பட்டால் பெட்டி நின்றுவிடும்.

"மூச்சு எங்க போச்சு? நீ மூச்சு வாங்கினா எனக்குக் கை நடுங்கும்டீ."

"பயமா இருக்குக்கா."

"பயப்படு, வேண்டாங்கல. என் மூஞ்சியப் பார்க்காத, அவ்வளவுதான். பேப்பரைப் பாரு. உன் வாய் மட்டும்தான் எனக்கு வேணும்."

கிளப்பில் மற்றவர்கள் ஜோடி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் தம்பி சண்டை போட்டுப் பிரிந்தார்கள். புருஷன் பெண்டாட்டி ஒரே ஓட்டத்தோடு பேச்சை நிறுத்தினார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் மாறவே இல்லை. ஒரே பிளாஸ்க், அதற்கு ஒரே மூடி. அதில் முதலில் டோக்கன் குடிப்பாள், பிறகு அக்கா. டோக்கனுக்குத் தன் வீட்டில்கூட அப்படி ஒரு இடம் இருந்ததாகத் தோன்றியதில்லை.

அப்புறம் அந்த விபத்து. மேடு ஏறி இறங்கும் வலது அஞ்சு. கல் குத்தி டயர் கிழிந்தது. கார் குட்டிக்கரணம் அடித்துப் பள்ளத்தில் தலைகீழாக நின்றது. இருவரும் பெல்ட்டில் வவ்வால் மாதிரித் தொங்கினார்கள். அக்காவின் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அந்த வலியிலும், "ஏய், உயிரோட இருக்கியா? இருந்தா அடுத்த வரியப் படி" என்று சிரித்தாள். டோக்கனால் சிரிக்க முடியவில்லை. அக்காவின் முகத்தில் தலைகீழாக வழிந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டாள். பார்க்காதே என்று சொன்ன முகத்தைப் பார்த்துவிட்டாள்.

எலும்பு கூடியது. கார் சரியானது. டோக்கனின் வாய்தான் சரியாகவில்லை. காகிதத்தில் அஞ்சு என்று இருக்கும். வாயில் நாலு என்று வரும். முதலில் மேட்டு வளைவுகளில் மட்டும். பிறகு மரம் நெருங்கி நிற்கும் இடங்களில். பிறகு எல்லா இடத்திலும். ஒன்று குறைத்துச் சொன்னால் அக்கா கொஞ்சம் மெதுவாகப் போவாள், அவ்வளவுதானே? டோக்கன் அதைத் தப்பாகவே நினைக்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறவள் மெதுவாக நடப்பது தப்பா? அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டத்துக்கு ஓட்டம் பின்னால் போனார்கள். "அக்காவுக்கு வயசாயிடுச்சு போல" என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள். அக்கா அதற்கும் சிரித்தாள்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஒரு நாள் காலையில், கடையில் சட்டைக் காலரை மடித்துக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், அக்கா சொன்னாள்.

"இந்த சீசன் மருந்துக்கடைப் பொண்ணு வரட்டும்டீ. நீ கொஞ்சம் ஓய்வெடு."

"நான் ஓய்வு கேட்டேனா?"

"கேக்கல."

"அப்ப ஏன்?"

அக்கா அடுத்த சட்டையை எடுத்தாள். "கேக்காத. நான் சொல்லமாட்டேன்."

அவ்வளவுதான். டோக்கன் கடைப் படியிறங்கியவள், திரும்ப ஏறவில்லை.

மருந்துக்கடைப் பொண்ணு என்று அக்கா வாஞ்சையாகச் சொன்னாளே, அவளுக்கு டோக்கன் மனசுக்குள் வைத்த பெயர் மாத்திரை. சின்னதாக, உருண்டையாக, வெள்ளையாக, தொண்டையில் இறங்காமல். தெருவில் எதிரே வந்து "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று மாத்திரை கேட்டால், டோக்கனுக்கு உச்சந்தலையில் புகை வரும். அக்கா என்று கூப்பிட உனக்கு என்ன உரிமை? அக்கா என்றால் ஒருத்திதான், அவளையும் நீ கொண்டுபோய்விட்டாய்!

ஓட்டங்களுக்குப் போக மாட்டேன் என்று சபதம் செய்தாள். செய்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனாள். கயிறு கட்டிய இடத்தில், கூட்டத்துக்குப் பின்னால், ஒரு மரத்தை அணைத்துக்கொண்டு நின்றாள். அக்காவின் நீலக் கார் வந்தது. அப்படி ஒரு வேகம். பழைய வேகம். மண்ணை வாரி இறைத்துக்கொண்டு, வளைவை நிஜமாகவே இஸ்திரி போட்டு நேராக்கிக்கொண்டு போனாள் அக்கா. அன்றைக்கு மூன்றாவது இடம். முடிந்த பிறகு மாத்திரையும் அக்காவும் காரின் மேல் சாய்ந்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். பிளாஸ்க் மூடி கை மாறியது. மாத்திரைதான் முதலில் குடித்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து டோக்கன் சமைக்கவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்யும் அவள் புருஷன் வந்து பார்த்தார். "என்ன, உன் சக்களத்தி ஜெயிச்சிட்டாளா?" என்று கேட்டார். டோக்கன் கரண்டியை விட்டெறிந்தாள். அவருக்குக் குனிந்து பழக்கம்.

"போய் நேரா கேளேன், ஏன் விட்டீங்கன்னு."

"நானா? செத்தாலும் கேக்கமாட்டேன்."

ஆனால் செத்தது அக்கா. ஒரு மத்தியானம், கடையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைகள்மேல் சாய்ந்தாள், அப்படியே போய்விட்டாள். கேட்க வேண்டியதைக் கேட்காமலே டோக்கன் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இனி அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவளிடம் கேட்பதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

சில மாதங்கள் கழித்துப் பல் டாக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் எழுந்தார்.

"கண்ணுல என்ன டாக்டர்?"

"கண்ணுல ஒண்ணுமில்லம்மா. அடுத்த ராலியில அக்கா காரை முதல்ல விடறதா இருக்கோம். போட்டிக்கு இல்ல, அவங்க ஞாபகத்துக்கு. ஆனா அவங்க ஓட்டின மாதிரி ஓட்டணும்னு மாமா சொல்லிட்டார், ஊர்வலம் மாதிரி வேண்டாமாம். மருந்துக்கடைப் பொண்ணு ஓட்டும். நல்லா ஓட்டுது. பக்கத்துல நீங்க."

"அவ பக்கத்துலயா? அவளுக்கா நான் படிக்கணும்?"

"வேற யாரு படிப்பாங்க?"

வேறு யார் என்ற கேள்விதான் டோக்கனைக் கவிழ்த்தது. வேறு ஒருத்தி அந்த சீட்டில் உட்காருவதை நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. ஒத்துக்கொண்டாள்.

முந்தின நாள் ரோட்டைப் பார்க்கப் போனார்கள். மாத்திரை மெதுவாக ஓட்டி எண் சொன்னாள். டோக்கன் எழுதினாள். அதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

"தண்ணி வேணுமாக்கா?"

"வேண்டாம்."

"சீட்டு சரியா இருக்கா?"

"பன்னிரண்டு வருஷமா சரியாத்தான் இருக்கு."

மாத்திரை கியரை மாற்றினாள். அதற்குப் பிறகு வந்தது அந்த மேடு. கார் கவிழ்ந்த மேடு. "வலது அஞ்சு" என்றாள் மாத்திரை. டோக்கன் அஞ்சு என்று எழுதினாள். பேனா அழுந்திக் காகிதம் கிழிந்தது.

மறுநாள் கிளம்பும் கோட்டில் கிளப்பே நின்றது. மாமா வழக்கம்போல மரத்தடியில் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். ஹெல்மெட்டுக்குள் மைக்கைச் சரிசெய்தபோது, டோக்கனுக்கு ஓர் எண்ணம் வந்தது. உன்மேல் எனக்கு ஒரு பாசமும் இல்லை. நீ எழுதச் சொன்னதைப் படிப்பேன். நீ சொன்ன எண், உன் பாடு.

கொடி இறங்கியது.

படித்தாள். காகிதத்தில் இருந்ததை இருந்தபடி படித்தாள். இடது நாலு என்றால் நாலு. வலது ஆறு என்றால் ஆறு. குரலில் நடுக்கம் இல்லை, மூச்சு முட்டவில்லை. பக்கத்தில் இருப்பவளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே இல்லாததால், விரல் வரியை விட்டு நகரவே இல்லை. கார் பறந்தது. மரங்கள் இரண்டு பக்கமும் ஒரே சுவராக ஓடின. எத்தனை வருஷமாயிற்று இப்படிப் படித்து! வெறுப்பில்கூட ஒரு சுகம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

"மேடு, வலது அஞ்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. அதே மேடு. அஞ்சை அஞ்சு என்று சொல்லிவிட்டாள். வாய் கூசவே இல்லை. இங்கே அக்கா ஓட்டியிருந்தால் டோக்கன் நாலு என்று சொல்லியிருப்பாள். ஏன், மூணு என்றே சொல்லியிருப்பாள். கார் மேட்டில் எழும்பி, தரையில் இறங்கி, வளைவை வழித்துக்கொண்டு போனது. டோக்கன் அடுத்த வரியைப் படித்தாள். கண்ணீர் வழிந்து ஹெல்மெட்டின் தாடைப் பட்டையில் இறங்கியது; வரி மங்கவில்லை, நல்ல வேளை.

முடிவுக் கோட்டைத் தாண்டி, ஒரு வளைவுக்கு அப்பால் மாத்திரை காரை ஓரமாக நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா சொன்னது சரிதான்."

டோக்கனுக்குக் காது சுட்டது. "எந்த அக்கா? என்ன சொன்னா?"

"இஸ்திரி அக்காதான். நான் முதல் முதலா உளறினப்ப, உங்க பழைய ஓட்டத்து ரெக்கார்டிங்கப் போட்டுக் காட்டினாங்க. 'இப்படிப் படிடீ. இவளை மாதிரி ஊர்லயே ஆள் கிடையாது'ன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் கவுந்ததுக்கு முன்னாடி எடுத்தது."

"அப்புறம் எதுக்குடீ என்னை மாத்தினா?" கேட்கவே மாட்டேன் என்று கட்டிக் காத்த கேள்வி, அணை உடைந்து வந்து விழுந்தது. "அவ்வளவு நல்லாப் படிச்சா எதுக்கு மாத்தினா?"

மாத்திரை திரும்பிப் பார்த்தாள். "நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"சொல்லு."

"நீங்க குறைச்சுச் சொல்றது அவங்களுக்குத் தெரியும்."

டோக்கன் மடியில் இருந்த குறிப்புக் காகிதத்தை மடித்தாள்.

"முதல் தடவையிலேயே தெரியும்னாங்க. 'நேத்து நானே பார்த்துச் சொன்ன நம்பர் எனக்கு மறந்துடுமா? அஞ்சுன்னு நான் சொன்னத, நாலுன்னு எனக்கே திருப்பிச் சொல்றா'ன்னு சிரிப்பாங்க."

"தெரிஞ்சும் மெதுவாவா ஓட்டினா?"

"நீங்க நாலுன்னா நாலுக்குத்தான் ஓட்டுவாங்களாம். 'பக்கத்துல இருக்கவ சொல்லைத் தாண்டினா அது ராலி இல்ல'ன்னு."

அப்படியானால் அந்த இரண்டு வருஷம்? வயசாயிடுச்சு என்று ஊர் சிரித்ததும், அக்காவும் சேர்ந்து சிரித்ததும்? வயசு அக்காவுக்கு ஆகவில்லை. டோக்கன்தான் வாயால் அவளைக் கிழவியாக்கினாள்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே! திட்டியிருக்கலாமே!"

"நானும் கேட்டேன். 'சொன்னா அழுவா. அவ அழறதப் பார்த்தா நான் ஸ்டியரிங்கையே தொடமாட்டேன். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டணும். அதனால பாசமில்லாத ஒருத்தி வேணும்'னாங்க. என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க." மாத்திரை மடியில் இருந்த ஹெல்மெட்டின் பட்டையை முறுக்கினாள். "ஒரு சீசன் முழுக்க என்னை 'நீங்க வாங்க'ன்னுதான் கூப்பிட்டாங்க. கோவம் வந்து திட்டும்போதுதான் 'டீ' வரும். அப்பவும் உங்க பேரைத்தான் சொல்லுவாங்க. 'டோக்கன், மூச்சு எங்கடீ போச்சு'ன்னு. நான் டோக்கன் இல்லன்னு சொல்லக்கூட எனக்கு வாய் வராது. தெருவுல உங்களைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும், தெரியுமா?"

டோக்கன் வாயைப் பிளந்தாள். இவளுக்கா? இத்தனை நாளும் இவளுக்கு என்மேலா?

ஒரு கணம் மனசு குளிர்ந்தது. மறு கணமே பழைய எரிச்சல் வேறு பக்கமாக வந்து கடித்தது. இவ்வளவையும் இவளிடம் சொல்லியிருக்கிறாளே அக்கா. என்னிடம் சொல்லாததை எல்லாம் இவளிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவள் மௌனம். இவளுக்கு அவள் பேச்சு.

"வேற என்ன சொன்னா?" என்றாள் அதட்டலாக.

"எதுக்குச் சொல்லணும்? நீங்க பன்னிரண்டு வருஷம் வச்சிருக்கீங்க. எனக்கு இருக்கறது இந்தக் கொஞ்சம்தான்."

"சரிதான் போ. நானும் சொல்லமாட்டேன்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த கார் முடிவுக் கோட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சிய மாத்திரை, கண்ணாடியைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்.

"அடுத்த சீசன் நான் ஓட்டப் போறேன். இந்தக் காரை எடுத்துக்கன்னு மாமா சொல்லிட்டாரு. நீங்க படிக்கிறீங்களா?"

"உன்னைக் கண்டாலே எனக்கு ஆகாது."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

டோக்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை. அழுகையும் கூடவே வந்தது. தாடைப் பட்டையை இழுத்தாள், அவிழவில்லை. மாத்திரை எட்டி அவிழ்த்துவிட்டாள்.

"பழகிப் பழகி, எனக்கு உன்னைப் பிடிச்சுப் போயிடுச்சுன்னா?"

"பிடிச்சுப் போனா அஞ்ச நாலும்பீங்க. அன்னிக்கே தெரிஞ்சிடும் எனக்கு." மாத்திரை இன்ஜினைக் கிளப்பினாள். "அப்ப வேற ஒருத்தியப் பார்த்துக்கறேன்."

வேற ஒருத்தி!

யார் அவள்? எந்தத் தெரு, எந்தக் கடை? இன்னும் வராத, முகம்கூட இல்லாத அந்த ஒருத்தி இந்த சீட்டில் உட்கார்ந்து, இந்தப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, குரலைச் செருமுவது டோக்கனின் கண்முன்னே வந்து நின்றது. அடிவயிற்றில் மறுபடியும் தீப்பற்றியது.

"வரட்டும், பார்த்துக்கறேன் அவளை" என்று சொல்லிக்கொண்டே, டோக்கன் பெல்ட்டை இன்னும் ஒரு பிடி இறுக்கினாள்.